இடைவெளி ஒழிந்த இருப்புப்பாதை

இரயிலில் நெடுந்தூரம் சென்ற முதியவர்களின் செவிகளில் 'தடக் தடக்' என்னும் ஓசை இன்றும் நிலைத்திருக்கும். தண்டவாளத் துண்டுகளுக்கிடையே விடப்பட்டிருந்த சிறு இடைவெளிகளைச் சக்கரங்கள் கடக்கையில் எழுந்த ஓசை அது. வெயிலில் இரும்பு நீளும். நீள இடமில்லையேல் நெளியும். ஆகவே முன்னோர் இடம் விட்டு வைத்தனர்.

பாலங்களுக்கும் இதே நியதிதான். வேல்சு நாட்டின் மெனாய் நீரிணையில் ராபர்ட் ஸ்டீபன்சன் 1850-இல் முடித்த பிரிட்டானியா பாலத்தின் இரும்புக் குழாய்களை நடுக்கோபுரத்தில் மட்டும் அசையாது பொருத்தி, ஏனைய இடங்களில் உருளைகள்மீது இருத்தினர். வெப்பத்துக்கு இத்துணை இடம் வைத்த அப்பாலம் 1970-இல் தீப்பற்றி உருக்குலைந்தது வேறு கதை.

அலுமினியத் தூளையும் இரும்பு ஆக்சைடையும் எரியூட்டி உருகிய இரும்பைப் பெறும் முறைக்கு ஜெர்மானியரான ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-இல் காப்புரிமை பெற்றார். 1899-இல் எஸ்ஸன் நகர டிராம் பாதையில் தண்டவாளங்கள் அம்முறையால் பற்றவைக்கப்பட்டன. பின்னர் இருப்புப்பாதைகளிலும் இடைவெளிகள் மறையலாயின. அவ்வாறாயின் நீட்சி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, விசையாக உள்ளேயே அடங்கிற்று. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் ஒன்றில் 30 பாகை வெப்பம் ஏறினால், ஏறத்தாழ 57 டன் அமுக்கம் தோன்றும். கட்டைகளும் சல்லிக்கற்களும் அதனை இறுகப் பிடித்துக்கொள்வதால், இரு கோடிகள் நீங்கலாக நடுப்பகுதி அசைவதில்லை.

தரைமேல் இது செல்லும். பாலத்திலோ, பிடித்துக்கொள்ள வேண்டிய அடித்தளமே நகர்கிறது! நூறு மீட்டர் எஃகு உத்தரம் அதே 30 பாகையில் மூன்றரை சென்டிமீட்டர் நீளும். ஒரு முனை நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதால் நீட்சி முழுவதும் மறு முனையில் வெளிப்பட்டு, தண்டவாளத்தையும் உடன் இழுக்கிறது. அம்முனைக்கு மேலே கோடையில் அமுக்கம் மிகும். குளிரில் உத்தரம் சுருங்க, தண்டவாளம் இழுபட்டு முறியும் அபாயம் நேரும். தண்டவாளமும் வாளாவிருப்பதில்லை, தன் விசையைப் பாலத்தின் தாங்கிகள் வழியே தூண்களுக்கு இறக்குகிறது. ஓடும் வண்டி பிரேக் போடும்போது எழும் விசையும் அத்துடன் சேரும். இவ்விரண்டின் இழுபறியைக் கணக்கிடாமல் பாலம் கட்டுதல் இன்று இயலாது. சல்லிப் பாதையில் பாலத்தால் விளையும் கூடுதல் அமுக்கம் சதுர மில்லிமீட்டருக்கு 72 நியூட்டனையும், இழுவை 92 நியூட்டனையும் மிஞ்சலாகாது என்பது அனைத்துலக இருப்புப்பாதை ஒன்றியத்தின் விதி.

தீர்வுகள் பலவாயின. 1964-இல் ஜப்பானியர் திறந்த தோக்கைடோ அதிவேகப் பாதையில், ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு ஒன்றாக, கூர்நுனித் தண்டவாளங்கள் ஒன்றையொன்று உரசி நகரும் விரிவு இணைப்புகளை வைத்தனர். சல்லியில்லா எஃகுப் பாலங்களில், தண்டவாளத்தை இறுக்காது நழுவவிடும் பிடிப்பான்களை நம் நாட்டிலும் பயன்படுத்துகின்றனர். எமக்கு வியப்பூட்டுவது சீனரின் வழி. 2011-இல் திறக்கப்பட்ட தன்யாங்-குன்ஷான் பாலம் ஏறத்தாழ 165 கிலோமீட்டர் நீளமுடையது. எனினும் அதன் பெரும்பகுதி 32 மீட்டர் அளவிலான சிறு உத்தரங்களே. ஒவ்வொன்றும் நீள்வது ஒரு சென்டிமீட்டர் அளவே ஆதலால், பற்றவைத்த தண்டவாளம் அதனைத் தாங்கிக்கொள்கிறது. ஆறுகளைத் தாண்டும் நீண்ட எஃகுப் பாலங்களில் மட்டும் விரிவு இணைப்பின் உதவி இன்றும் வேண்டியிருக்கிறது. சக்கரங்கள் ஓயாது உரசும் அவ்விணைப்புகள் விரைவில் தேய்வதால், பாதைப் பணியாளர்கள் அவற்றை அடிக்கடி அளந்து பார்க்கின்றனர்.