கடனுக்குத் தவணை



தீபாவளிக்கு முன்னே சிங்கப்பூருக்குப் போய், தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் துணிமணி வாங்கி வரும் வழக்கம் நம் தோட்டத்துக் குடும்பங்கள் சிலவற்றில் உண்டு. அப்படிப் போகிறவர்கள் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலிலும் கும்பிட்டுத் திரும்புவார்கள். 1827இல் அந்தக் கோயில் எழ முன்னின்றவர் நாராயண பிள்ளை. அவர் ஒரு காலத்தில் கடனில் மூழ்கிக் கிடந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கடன்பட்டவருக்குச் சட்டம் தரும் தவணையைப் பற்றியும், அவருக்காக வழக்காடும் வக்கீலின் பொறுப்பைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன். அவர் கதையிலிருந்தே தொடங்கலாம்.

பினாங்கில் இருந்த நாராயண பிள்ளை, 1819 மே மாதம் ராபிள்ஸ் துரையோடு கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தார். அங்கே செங்கற்சூளை வைத்தார். பிறகு கிராஸ் தெருவில் ஜவுளிக்கடை திறந்தார். சரக்கை ஆங்கில வியாபாரிகளிடம் கடனுக்கு எடுத்திருந்தார். 1822இல் தீப்பிடித்துக் கடை சாம்பலாயிற்று. சரக்குப் போயிற்று, கடன் மட்டும் நின்றது.

அவர் ஊரை விட்டு ஓடவில்லை. கடன் கொடுத்தவர்களிடம் தவணை கேட்டார், கிடைத்தது. அந்த ஆண்டின் கடைசியில் சிங்கப்பூரில் இருந்த ராபிள்ஸிடமும் முறையிட்டார். இன்று ராபிள்ஸ் பிளேஸ் என்று வழங்கும் கமர்ஷியல் ஸ்குவேரில் அவருக்கு இடம் கிடைத்தது. புதுக் கடை எழுந்தது. வியாபாரம் மீண்டும் தழைத்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடன் கொடுத்தவர்கள் தீப்பிடித்த மறுநாளே கழுத்தைப் பிடித்திருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருப்பது சாம்பல்தான். பொறுத்திருந்ததால் பணம் திரும்பும் வழி பிறந்தது. ஆனால் அன்று அது பெரிய மனிதர்களின் தயவால் நடந்தது. எல்லோருக்கும் ஒரு ராபிள்ஸ் கிடைப்பாரா? தயவு சட்டமாவதற்கு நெடுங்காலம் பிடித்தது.

1888இல் சிங்கப்பூர் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்குத் திவால் சட்டம் வந்தது. நம் பேச்சு வழக்கில் 'மஞ்சள் கடுதாசி கொடுப்பது' என்கிறோமே, அதுதான். திவாலானவரின் சொத்து ஓர் அரசாங்க அதிகாரியின் பொறுப்புக்குப் போகும். அவர் அதைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். வலுத்தவன் முதலில் அள்ளிக்கொண்டு போவதை இது தடுத்தது. ஆனாலும் விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவது இதன் முதல் நோக்கமாக இல்லை.

அடுத்த பாடத்தைக் கற்பித்தது 1985. கப்பல் மீட்பு, ஓட்டல் முதலிய தொழில்களை நடத்திய பான் எலக்ட்ரிக் என்னும் கம்பெனி கடன் தாளாமல் சரிந்தது. அந்த அதிர்ச்சியில் டிசம்பர் மாதம் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை மூன்று நாள் மூடிக் கிடந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1987இல், நொடித்த கம்பெனியை நீதிமன்றத்தின் மேற்பார்வையில் ஒரு நிர்வாகியிடம் ஒப்படைக்கும் முறை வந்தது. அந்தக் காலத்தில் நீதிமன்ற அனுமதியின்றி யாரும் அந்தக் கம்பெனியின் மேல் வழக்குப் போடவோ, பொருளை ஜப்தி செய்யவோ முடியாது. 2017இல் இன்னொரு சட்டத் திருத்தம் வந்தது. கடனை ஒழுங்குபடுத்த வேண்டி ஒரு கம்பெனி முறையாக மனுச் செய்தாலே, 30 நாள் தடை தானாக விழும். மேற்கொண்டு நீட்டிப்பதா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். நாராயண பிள்ளை கெஞ்சிப் பெற்ற தவணை இப்போது சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

தவணை கிடைத்தவர் எல்லோரும் பிழைத்துவிடுவதில்லை. தண்ணீர் சுத்திகரிப்புத் தொழிலில் பேர்பெற்ற ஹைபிளக்ஸ் கம்பெனி 2018 மே மாதம் இந்தப் பாதுகாப்பை நாடியது. ஏறத்தாழ 34,000 சிறு முதலீட்டாளர்கள் அதில் பணம் போட்டிருந்தார்கள். தடை பலமுறை நீண்டும் வழி பிறக்கவில்லை. 2021 ஜூலையில் கம்பெனி கலைக்கப்பட்டது. தவணை என்பது மூச்சு வாங்கும் நேரம். அதற்குள் எழுந்து நடப்பது அவரவர் வலிமையைப் பொறுத்தது.

இனி வக்கீலுக்கு வருவோம். இவ்வளவு சட்டமும் தேதிகளின் மேல் நிற்கிறது. மனுப் போடத் தேதி, பதில் சொல்லத் தேதி, அப்பீலுக்குத் தேதி. வக்கீல் ஒரு தேதியைத் தவறவிட்டால் வீடு போகலாம், கடை போகலாம். அதற்கு அவர் பொறுப்பில்லையா?

இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் வாதாடுவோர் மேல், வாதாடியதில் செய்த தவறுக்காக வழக்குப் போட முடியாது என்னும் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டுவரை இருந்தது. மலேசியாவிலோ, 1968ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் வெளியான ஒரு தீர்ப்பிலேயே, கவனக் குறைவுக்கு வக்கீல் பதில் சொல்லியாக வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. சிங்கப்பூரில் தொழில் நடத்தும் வக்கீல்கள் இத்தகைய நஷ்டத்தை ஈடுகட்டக் காப்புறுதி வைத்திருப்பது கட்டாயம்.

இன்னொன்றும் உண்டு. தடை உத்தரவு காப்பது கடன்பட்டவரை; அவருடைய பழைய வக்கீலை அல்ல. ஒருவர் திவாலானால், வக்கீலிடம் நஷ்டஈடு கேட்கும் உரிமையும் பொதுவாகச் சொத்தாகவே எண்ணப்படும். அதைத் தொடர்வதா என்று சொத்துப் பொறுப்பாளர் முடிவு செய்வார். அதில் வரும் பணம் கடனை அடைக்க உதவும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. பால் வெட்டி ஓய்ந்த என் தகப்பனார், கையிலிருந்த காசைப் போட்டுச் சிறு மளிகைக்கடை வைத்தார். சரக்குக் கொடுத்தவர் வழக்குப் போட்டார். அப்பா சம்மனை ஒரு வக்கீலிடம் கொடுத்து, பணமும் கட்டினார். குறித்த நாளுக்குள் பதில் போகவில்லை. ஒருதலைத் தீர்ப்பாயிற்று, தராசுவரை ஏலம் போயிற்று. அப்பா, "என் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டார். நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவன். இத்தகைய வழக்கைப் பொதுவாக ஆறு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்று நான் அறிந்தபோது ஒன்பது ஆண்டு கடந்திருந்தது.

ஆகவே, வக்கீலிடம் காகிதம் கொடுத்தால் நகல் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் ரசீது கேளுங்கள். அடுத்த தேதி எது என்று கேட்டு, சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வேலையை அதனிடம் கொடுங்கள். என் அப்பாவுக்கு அப்படிக் குறித்துக் கொடுக்க நான் பக்கத்தில் இல்லை.