சுவருக்கு அப்பால் ஒரு கை



மெய்ந்நிகர்க் கண்ணாடியை அணிந்து, எங்கோ இருக்கும் இயந்திரக் கையை இங்கிருந்தே அசைப்பதை நம் பிள்ளைகள் கணினி விளையாட்டுகளின் தொடர்ச்சியாகவே எண்ணுகின்றனர். அதன் வரலாறு விளையாட்டில் தொடங்கவில்லை. அணுக்கதிர்வீச்சின் அச்சத்தில் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், சிகாகோ நகரை அடுத்த ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடத்தில் கதிரியக்கப் பொருள்களைக் கையாள வேண்டியிருந்தது. மனிதர் தடித்த சுவருக்கு இப்பால் நிற்க, அப்பால் இயந்திரக் கை வேலை செய்தது. பொத்தான்களை அழுத்தி இயக்கிய கையால் பயன் குறைவு. அது பொருளைப் பிடித்ததா, நசுக்கியதா என்பது இயக்குபவருக்குத் தெரியவில்லை. ரேமண்ட் கோயர்ட்ஸ் என்னும் பொறியாளர் இக்குறையை நன்கு உணர்ந்தார். 1940களின் இறுதியில் அவர் இரட்டைக் கைகளை உருவாக்கினார். இங்குள்ள கையின் அசைவை அங்குள்ளது பின்பற்றும். அங்கே தட்டுப்படும் தடை இங்கே உள்ளங்கையில் உணரப்படும். 1954-இல் அவ்விரு கைகளையும் மின்சாரத்தால் இணைத்தும் காட்டினார்.

கண்ணின் முறை பின்னர் வந்தது. 1961-இல் பில்கோ நிறுவனத்தார் ஒரு தலைக்கவசத்தினுள் சிறு திரையைப் பொருத்தினர். அணிந்தவர் தலையைத் திருப்பினால் தொலைவிலிருந்த படக்கருவியும் திரும்பியது. 1968-இல் ஐவன் சதர்லாந்து, கணினி வரைந்த உருவங்களைக் கண்முன் மிதக்கவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1992-இல் நிகழ்ந்தது. முதலாம் ஆண்டு மாணவனிடம் அடிக்கோல் இன்றி நேர்க்கோடு வரையச் சொல்லிப் பாருங்கள், கோடு நெளியும். அடிக்கோலைக் கொடுத்தால் மனமும் கையும் அமைதியடையும். அமெரிக்க வான்படையின் ஆய்வுக்கூடத்தில் லூயிஸ் ரோசன்பெர்க் இதே எண்ணத்தைத் தொலைவிலிருந்து இயக்கும் கைக்குப் பொருத்தினார். வேலையிடத்தில் இல்லாத தடுப்புகளையும் வழிகாட்டிகளையும் இயக்குபவர் உணருமாறு செய்தார். ஆங்கே அடிக்கோல் இல்லை. ஆயினும் கை அதன்மேல் சாய்ந்து நகர்ந்தது! செயல்திறன் 70 விழுக்காடு வரை உயர்ந்ததாக அவர் பதிவு செய்துள்ளார்.

2001 செப்டம்பர் 7-ஆம் நாள், நியூயார்க்கில் அமர்ந்திருந்த ஜாக் மரெஸ்கோ தலைமையிலான மருத்துவர் குழு, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்த 68 வயதுப் பெண்மணியின் பித்தப்பையை இயந்திரக் கைகளால் அகற்றியது. கையசைவுக்கும் அதன் விளைவு திரையில் தெரிவதற்கும் இடையே ஏறத்தாழ 155 மில்லிவினாடி தாமதம். மருத்துவரின் கண் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது, தொடுவுணர்வு கடக்கவில்லை. 1954-இல் கோயர்ட்ஸின் கை உணர்த்தியதை அவ்வியந்திரம் உணர்த்தவில்லை. தொடுவுணர்வைத் தொலைவுக்கு அனுப்புவது எளிதன்று. விசை காலந்தாழ்ந்து திரும்பினால், உதவ வேண்டிய அதுவே கையை நடுங்க வைத்துவிடும்.

ஒரே அறையில் நோயாளியும் மருத்துவரும் இருக்கும்போதுகூட இக்குறை நீண்டகாலம் நீடித்தது. இழுக்கும் விசையையும் அழுத்தும் விசையையும் மருத்துவரின் விரல்களுக்கு உணர்த்தும் டாவின்சி 5 இயந்திரம், 2024-இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.