வாரிசுச் சொத்தில் பாரசீகக் கம்பளம்: அடையாளம் காண்பதும் மதிப்பிடுவதும்

ஒருவர் மரணித்ததும் வீடு, நிலம், நகை என்று கணக்குப் பார்க்கிறோம். கூடத்தில் விரித்திருக்கும் பழைய கம்பளம் அந்தக் கணக்கில் வருவதில்லை. யாராவது ஒருவர் சுருட்டி எடுத்துக்கொள்வார், அல்லது வந்த விலைக்கு விற்றுவிடுவார்கள். கையால் முடிச்சிட்ட ஈரானியக் கம்பளமாக இருந்தால் அது நல்ல விலை பெறும் சொத்து. விட்டுச் சென்றது குறைவோ அதிகமோ, வாரிசுகளுக்கு அதில் பங்குண்டு என்கிறது சூரத்துன் நிஸாவின் 7ஆம் வசனம்.

திருப்பிப் பாருங்கள்

கம்பளத்தின் உண்மை அதன் பின்புறத்தில் இருக்கிறது. கையால் முடிச்சிட்டதில் முன்பக்கத்துப் பூவேலை பின்பக்கமும் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் அச்சடித்தது போல ஒரே சீராக இருக்காது. பின்புறம் துணியும் பசையும் ஒட்டியிருந்தால் அது முடிச்சுக் கம்பளம் அல்ல.

அடுத்து ஓரக் குஞ்சம். அசலில் பாவு நூலே வெளியே நீண்டு குஞ்சமாகும். இயந்திரத் தயாரிப்பில் பெரும்பாலும் தனியாகத் தைத்திருப்பார்கள். பழுது பார்த்த அசலிலும் தைத்த குஞ்சம் இருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பட்டுதானா என்ற சந்தேகம் இருந்தால், உதிர்ந்த இழை ஒன்றைக் கம்பளத்திலிருந்து தள்ளி வைத்துக் கொளுத்துங்கள். பட்டும் கம்பளி நூலும் முடி கருகும் வாடை தரும். செயற்கைப் பட்டு காகிதம் எரியும் வாடை தரும். பிளாஸ்டிக் இழை உருகி உருண்டையாகும்.

எந்த ஊர்?

நீலமும் வெண்மையும் கலந்து, பூக்களின் ஓரத்தில் பட்டு ஓடினால் நாயின் நகரமாக இருக்கலாம். முழுப் பட்டு என்றால் கும். பெரிய கோண வடிவங்கள் என்றால் ஹெரிஸ். ஆனால் இதே வடிவங்களை மற்ற நாடுகளிலும் நெய்கிறார்கள். காஷ்மீரிலும் பாரசீக வடிவங்கள் நெய்யப்படுகின்றன. மிஹ்ராப் வடிவம் துருக்கியிலும் உண்டு. துபாயில் வாங்கியது என்பதாலும் அது ஈரானியது ஆகிவிடாது.

நெய்த ஆண்டு

சில கம்பளங்களில் அரபி எண்களில் ஆண்டு இருக்கும். ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய கி.பி. ஆண்டு கிடைக்கும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபீல் கம்பளத்தில் 946 என்றிருக்கிறது, அது 1539-40.

ஒரு எச்சரிக்கை: ஈரான் 1925 முதல் சூரிய ஹிஜ்ரியைப் பயன்படுத்துகிறது. அதற்கு 621ஐக் கூட்டினால் போதும். 1320 என்பது சந்திரக் கணக்கில் 1902. சூரியக் கணக்கில் 1941. முன்னது நூறாண்டைத் தாண்டிய பழம்பொருள், பின்னது அப்படியல்ல. எண்ணைத் திருத்திப் பழையதாகக் காட்டுபவர்களும் உண்டு.

விலையை எது தீர்மானிக்கிறது?

ஊர், வயது, நூல், சாயம், வடிவத்தின் அழகு, இன்றைய நிலை ஆகியவை சேர்ந்தே விலையாகும். முடிச்சு நெருக்கம் மட்டும் போதாது. நெருக்கம் குறைந்த பழைய ஹெரிஸுக்கும் நல்ல விலை உண்டு. பூச்சி அரிப்பு, இற்றுப்போன பாவு நூல், வெட்டிய ஓரம், தேய்ந்த இடத்தில் பூசிய சாயம் ஆகியவை விலையைக் குறைக்கும். மதிப்பிடும் முன் துவைக்காதீர்கள். சாயம் ஓடினால் மீட்க முடியாது.

வாங்க வந்தவர் சொல்லும் விலை மதிப்பீடு ஆகாது. வாங்கும் எண்ணம் இல்லாத ஒருவரிடம் எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டுக்காகத் தரப்படும் தொகை, விற்றால் கிடைப்பதைவிடப் பொதுவாக அதிகமாக இருக்கும். பாகப் பிரிவினைக்குத் தேவை, இன்றைய நிலையில் விற்றால் கிடைக்கும் விலை.

இந்தியாவில் நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

பங்கிடும்போது

அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவற்றுக்குப் பிறகே பங்கீடு. கம்பளத்தை வெட்டிப் பிரிக்க முடியாது. விற்றுப் பணத்தைப் பிரிக்கலாம். அல்லது ஒருவர் வைத்துக்கொண்டு, அதன் மதிப்பைத் தம் பங்கில் கழித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். ஆனால் பருவமடையாத பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க யாருக்கும் உரிமையில்லை. அதனால் யாரும் சுருட்டி எடுக்கும் முன்பே முன்பக்கம், பின்பக்கம், மூலைகள், சேதங்கள் அனைத்தையும் படமெடுத்து, நீள அகலத்துடன் சொத்துப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.