களவுப் பொருளின் உடைமை உரிமை: திருச்சிராப்பள்ளி, திருவரங்கம்

களவுபோன பொருளைப் பறிகொடுத்தவருக்கும், களவென்று அறியாமல் அதை விலை கொடுத்து வாங்கியவருக்கும் இடையே எழுவது உடைமை வழக்கு. இருவர் மேலும் குற்றமில்லை. திருடன் ஓடிப்போயிருப்பான், அல்லது கையில் காசில்லாமல் அகப்பட்டிருப்பான். ஆகவே இழப்பை இவ்விருவரில் யார் சுமப்பது என்பதைச் சட்டம் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இந்தியச் சட்டம் பறிகொடுத்தவர் பக்கம் நிற்கிறது. தமக்கில்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு விற்க முடியாது என்கிறது 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. எத்தனை கை மாறினாலும் களவுப் பொருளின் உரிமை நகராது. ஏமாற்றி வாங்கிய பொருளின் நிலை வேறு. செல்லாத காசோலையைக் கொடுத்து மோட்டார் சைக்கிளை வாங்கிய ஒருவன், உரிமையாளர் அந்த விற்பனையை ரத்துசெய்யும் முன்பே விவரமறியாத மூன்றாமவருக்கு விற்றுவிட்டால், 29-ஆம் பிரிவு அந்த மூன்றாமவரைக் காக்கும். ஏமாந்தாலும் உரிமையாளர் தாமாகக் கொடுத்தார். திருட்டில் அவர் கொடுக்கவே இல்லை. திறந்த சந்தையில் வாங்கியவரைக் காத்த பழைய ஆங்கில விதியை இந்தியச் சட்டம் தொடக்கத்திலேயே ஏற்கவில்லை. இங்கிலாந்தும் 1995-இல் அதைக் கைவிட்டது.

பொருளை இழக்கும் வாங்குநர், விற்றவர்மேல் வழக்குப் போட்டு விலையைத் திரும்பக் கேட்கலாம். தண்டனை பெற்ற திருடனிடம் பிடிபட்ட பணம் இருந்தால், பொருள் உரியவரிடம் சேர்ந்தபின் அதிலிருந்து வாங்குநருக்குத் தரவும் நீதிமன்றம் ஆணையிடலாம். நடைமுறையில் பிடிபடும்போது திருடனிடம் பணம் இருப்பது அபூர்வம்.

திருச்சி பெரிய கடைவீதி, என்.எஸ்.பி. சாலை போன்ற நகை வணிகத் தெருக்களில் அடகுக் கடைக்கும் இதே விதிதான். திருடன் அடகு வைத்த சங்கிலி மீது கடைக்காரருக்கு உரிமை பிறக்காது. போலீஸ் 'ரெக்கவரி'க்கு வந்தால் கொடுத்தாக வேண்டும். ஆனால் நகை உருக்கப்பட்டுக் கட்டியாகிவிட்டால், இது என் சங்கிலி என்று காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. வாங்கிய பில், கல்யாணப் படம், ஹால்மார்க் நகையிலுள்ள ஆறிலக்க அடையாளக் குறி ஆகியவை உரிமையாளருக்கு உதவும் சான்றுகள்.

சான்று இல்லாத உரிமைக்கு என்ன ஆகும் என்பதற்குத் திருவரங்கத்தோடு தொடர்புபடுத்தப்படும் ஓர்லோவ் வைரம் எடுத்துக்காட்டு. கர்நாடகப் போர்க் காலத்தில் படையைவிட்டு ஓடிய பிரெஞ்சு வீரன் ஒருவன் அரங்கநாதர் கோயிலில் சாமியின் கண்ணாக இருந்த கல்லைத் திருடி, சென்னையில் ஆங்கிலக் கப்பல் தலைவன் ஒருவனுக்கு 2,000 பவுண்டுக்கு விற்றான் என்பது கதை. 1752-இல் திருவரங்கத்தில் முகாமிட்டிருந்த பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது வரலாறு. கல் திருட்டு கதையாகவே நிற்கிறது. 1665-இல் பிரெஞ்சு வணிகர் தவேர்னியே முகலாய அரசவையில் கண்ட பெரிய வைரமே இது என்ற கருத்தும் உண்டு. கிரிகோரி ஓர்லோவ் ஆம்ஸ்டர்டாமில் வாங்கி ருஷ்யப் பேரரசி கேத்தரினுக்குக் கொடுத்த இந்த 189.62 காரட் கல் இன்று கிரெம்ளினில் இருக்கிறது.

சான்று இருந்ததால் வென்றது ஸ்ரீபுரந்தான் நடராசர் வழக்கு. 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்து, இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள இவ்வூரின் சோழர் காலக் கோயிலில் பூசை நின்றுபோய்க் கதவு பூட்டிக் கிடந்தது. 2006-இல் திருடர்கள் பூட்டை உடைத்துத் திருமேனிகளைக் கொண்டுபோனார்கள். 2008-இல் உள்ளே இருப்பதாக நினைத்த சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு எடுத்துச் செல்ல அதிகாரிகள் வந்தபோதுதான் களவு தெரிந்தது. அதே ஆண்டில் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடம் 50 லட்சம் டாலர் கொடுத்து அந்த நடராசரை வாங்கியது. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே கோயிலில் எடுத்து வைத்திருந்த படம் சிலையை அடையாளம் காட்டியது. கலைக்கூடம் 2014 பிப்ரவரியில் கபூர்மேல் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் தில்லியில் சிலையை ஒப்படைத்தார். 2012-இல் ஜெர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்ட கபூர் திருச்சி மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம், உடையார்பாளையம் சிலைக் களவு வழக்கில் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது.

கலைக்கூடம் நல்லெண்ணத்தில் வாங்கியது என்ற வாதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பல நூற்றாண்டு பழைய சோழர் செப்புத்திருமேனி கோயிலைவிட்டு எப்படி வெளிவந்தது என்று விற்பவர் நீட்டும் தாளைத் தாண்டி விசாரிக்காதவரை, விவரமறியாமல் பழைய சங்கிலி வாங்கிய குடும்பத்தோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

பத்தூர் நடராசர் வழக்கு இத்துறையின் முன்மாதிரி. 1976-இல் மண்ணிலிருந்து கிடைத்துக் கடத்தப்பட்ட சிலையை, பொய்யான பின்னணியை நம்பி, கனடாவின் பம்பர் டெவலப்மென்ட் நிறுவனம் 1982-இல் வாங்கியது. லண்டன் போலீஸ் அதைக் கைப்பற்றியது. இடிந்து கிடந்த கோயிலும் வழக்காடும் தகுதி உடையது என்று 1991-இல் ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு நடராசர் தமிழ்நாடு திரும்பினார். ஆனால் பத்தூரில் பூசைக்கு எழுந்தருளவில்லை. திருவாரூரில் சிலைப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். பூட்டும் காவலும் இல்லாத கோயிலில் மறுபடியும் களவு நடக்கும் என்பது அறநிலையத் துறையின் அச்சம். அந்தப் பூட்டையும் காவலையும் கோயிலிலேயே ஏற்படுத்தி எங்கள் சாமியை எங்களிடம் கொடுங்கள் என்று சிலையை இழந்த ஊர்கள் பல கேட்டுவருகின்றன.