செயின் வீல் சொல்லும் கதை

டொராண்டோவில் யாராவது பழைய சைக்கிளைக் கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது செயின் வீலைத்தான். வட்டத்துக்குள்ளே சி.சி.எம். என்ற எழுத்துகளே இரும்பில் வார்த்ததுபோல் நிற்கும். பெயிண்ட் உரிந்து, முகப்புத் தகடு காணாமல் போன வண்டியையும் அது அடையாளம் காட்டிவிடும்.

1890களின் சைக்கிள் மோகம் தணிந்து, ஆலைகளில் சரக்கு தேங்கிய நேரம். 1899இல் ஐந்து கனடியத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து கனடா சைக்கிள் அண்ட் மோட்டார் கம்பெனியை, அதாவது அந்த சி.சி.எம்.மைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர், விவசாயக் கருவிகளுக்குப் பேர்போன மாஸி-ஹாரிஸ். மாஸி, கிளீவ்லாண்ட், ரெட் பேர்ட் என்ற பழைய பெயர்கள் அதன்பிறகும் தகடுகளில் தொடர்ந்தன. அதனால் தகட்டை மட்டும் நம்பி ஆலையை முடிவுசெய்யக் கூடாது. பனிச்சறுக்குக் காலணியும், ரஸ்ஸல் காரும்கூட இந்தக் கம்பெனி வழி வந்தவைதான். கம்பெனியின் வெஸ்டன் ஆலையின் கதை 1983இல் திவாலோடு முடிந்தது.

பழுதுபார்ப்பில் எனக்கு ஒரே பிடிவாதம்: புதுப் பெயிண்ட் வேண்டாம். அழுக்குக்கு அடியில், தூரிகையால் கையால் இழுத்த மெல்லிய கோடுகள் பல நேரம் அப்படியே இருக்கும். ஈரத்துணியும் மென்மையான சோப்பும் போதும். துருவை உரசினால் அந்தக் கோடும் போய்விடும், போனால் திரும்பாது.

கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னைக் கழற்றத்தான் பொறுமை வேண்டும். எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, அடியில் இரும்புக் குழாயால் முட்டுக்கொடுத்துவிட்டுத் தட்ட வேண்டும். முட்டில்லாமல் சுத்தியலால் அடித்தால் உள்ளே பேரிங் உருளும் தடம் குழிந்துவிடும்.