குழாயில் வந்த எரிமலை

சிலி நாட்டின் வடக்கே, அட்டகாமா பாலைவனம் பசிபிக் கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது அந்தோஃபகஸ்தா. மழை பெய்தாலே செய்தியாகிவிடும் ஊர். வெடியுப்பும் தாமிரமும் ஆட்களை இழுத்துவந்தன, குடிக்கத்தான் தண்ணீரில்லை. 1872இல் லாஸ் சாலினாஸ் என்ற உள்நாட்டுச் சுரங்கத்தில் கண்ணாடிக் கூரைகள் போட்டு, வெயிலைக் கொண்டே உப்புநீரை வடித்தார்கள். நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கும் மேல் கிடைத்தது. சுரங்கத்துக் கோவேறு கழுதைகளின் தாகத்தைத் தீர்த்ததும் அதுதான்.

ஊர் பெருகப் பெருகத் தட்டுப்பாடும் பெருகியது. 1958இல் ஆண்டிஸ் மலையின் தொகோன்ஸே ஆற்றிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தெளிந்த மலைத்தண்ணீர், நிறமில்லை, நாற்றமில்லை. யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அந்த ஆறு எரிமலைப் பிரதேசத்து ஆறு. அதே வட்டாரத்தில்தான் எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகள் கொதித்துப் பீறிடுகின்றன. பூமிக்கடியில் சூடேறும் நீர், எரிமலைப் பாறைகளிலுள்ள ஆர்செனிக்கைக் கரைத்துக்கொண்டு மேலே வந்து ஆறுகளில் கலக்கிறது. அதை நீர்க்கச் செய்ய மழையும் கிடையாது. நகரக் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 90 மைக்ரோகிராமாக இருந்த ஆர்செனிக், ஏறத்தாழ 860 ஆனது. உலகச் சுகாதார நிறுவனம் 1958இல் வகுத்த தாராளமான வரம்பே 200தான். இன்றைய வரம்பு 10.

சில ஆண்டுகளுக்குள் குழந்தைகளின் தோலில் கருந்திட்டுகள் தெரிந்தன, உள்ளங்கைகள் தடித்தன. சிறு குழந்தைகள் மாரடைப்பால் இறந்ததும் பதிவானது. 1970இல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. இரும்பு குளோரைடு சேர்த்து ஆர்செனிக்கைப் படியவைக்கும் முறை அது. அளவு சரிந்தது.

ஆலை வந்ததும் கதை முடிந்ததாகத்தான் தோன்றியிருக்கும். நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சாவுகளோ ஏறிக்கொண்டே போய், 1980களின் பிற்பாதியிலும் 90களிலும்தான் உச்சம் தொட்டன.

ஆர்செனிக் கலந்த வங்காளத்துக் குழாய்க் கிணறுகளில் வீட்டுக்கு வீடு நஞ்சின் அளவு மாறும்; யார் எவ்வளவு குடித்தார் என்று கணக்கிடுவது பெரும்பாடு. அந்தோஃபகஸ்தாவிலோ ஊருக்கெல்லாம் ஒரே குழாய். எந்த ஆண்டில் எங்கே வாழ்ந்தார் என்று தெரிந்தால் போதும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்மித்தும் சிலி ஆய்வாளர்களும் இறப்புப் பதிவேடுகளைத் துருவியது இந்த வசதியால்தான். 1958க்கும் 1970க்கும் இடையில் அங்கே பிறந்தவர்கள், 30 முதல் 49 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறந்த விகிதம் சிலியின் பிற பகுதிகளைப்போல ஆறு மடங்கு என்று 2006இல் அவர்கள் வெளியிட்டார்கள்.