365 ஆம் பிரிவும் ஒரு கொப்பியும்

1985 ஆம் ஆண்டு நான் பத்தாம் வகுப்பு மாணவன். ஊரிலிருந்து வெகுதொலைவிலிருந்த ஒரு பழைய பாடசாலையின் ஹொஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்த கட்டிலில் படுத்த கூட்டாளி ஒருநாள் மஃரிபுக்குப் பின்னர் என்னைத் தண்ணீர்த் தாங்கியின் கீழே கூட்டிக்கொண்டுபோய் ஒரு விஷயம் சொன்னான். எங்களுக்கு மேல்வகுப்பில் படித்த ஒருவனைப் பற்றியது.

"அவனக் கண்டா நோம்பு துறக்கிற மாதிரி இரிக்கி மச்சான். ஆருக்கிட்டயும் சொல்லிராத."

நான் சிரித்தேன். விளங்காமல் சிரிக்கவில்லை, விளங்கியதால்தான் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, விடுதிப் பொறுப்பாசிரியர் பெட்டிகளைச் சோதித்தபோது அவனுடைய கொப்பி அகப்பட்டது. அனுப்பப்படாத கடிதங்கள், பதினைந்தோ பதினாறோ. ஒன்றிலும் பெயர் இல்லை. 'நீ' என்று மட்டுமே இருந்தது. தமிழில் 'நீ'க்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. வாசித்தவர் யாரோ ஒரு பெண்பிள்ளைக்கு எழுதியது என்றுதான் நினைத்திருந்தார். அவர் கோபமாகக்கூட இருக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "ஆருடா இந்தப் பெட்ட?" என்று கேட்டார். தெரியாது சேர் என்று சொல்லியிருக்கலாம்.

"பெட்ட இல்ல சேர்" என்றேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பிரம்படி. அதற்கடுத்த நாள் அவனுடைய வாப்பா வந்து, யாருடனும் பேசாமல், தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகனுடன் பஸ் ஏறினார். மேல்வகுப்பில் படித்தவன் யார், எந்த ஊர், எந்த இனம் என்பவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை சொன்னது போதும்.

நான் சொன்ன அந்த மூன்று சொற்களும் என்னுடையவையா என்ற கேள்வி பிற்காலத்தில் என்னை வாசிக்க வைத்தது. அந்த வாசிப்பின் சில பக்கங்களே இவை. மார்க்கத் தீர்ப்பு எதையும் நான் இங்கே சொல்ல வரவில்லை. அது உலமாக்களின் துறை.

*

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் 365 ஆம் பிரிவு 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உடலுறவுக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது. இந்த வாசகம் இலங்கையில் பிறந்ததல்ல. மெக்கோலே தலைமையிலான ஆணைக்குழு 1837 இல் வரைந்த இந்தியச் சட்டக்கோவை பல திருத்தங்களின் பின் 1860 இல் நிறைவேறி 1862 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 377 ஆம் பிரிவுதான் கடல் கடந்து இங்கே 365 ஆயிற்று. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அதே இலக்கத்துடனேயே இறங்கியது. அதற்கு முந்திய காலம் பொற்காலம் என்று சொல்ல முடியாது. ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டமும் இதைக் கொடுங்குற்றமாகவே பார்த்தது. எப்படியிருந்தாலும், 'எங்கள் மண்ணின் பண்பாடு' என்று நாங்கள் மேடைகளில் தூக்கிப்பிடிக்கிற இந்தச் சட்டத்தின் பிறப்புச் சான்றிதழ் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

அதே காலத்தில் இஸ்தான்பூலில் என்ன நடந்தது? கலீபாவின் அரசு, 1810 ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டக்கோவையை ஒட்டி 1858 இல் தனது புதிய தண்டனைச் சட்டத்தை இயற்றியது. வயது வந்த இருவர் இசைவுடன் தனிமையில் நடந்துகொள்வதை அந்தச் சட்டம் குற்றமாகக் கொள்ளவில்லை. பாவம் என்பது ஒன்று, அரசு விலங்கு மாட்டும் குற்றம் என்பது வேறொன்று என்ற பிரிப்பு அங்கே இருந்தது. மெக்கோலேயின் சட்டம் நிறைவேறியது அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர். இந்த இரண்டு திகதிகளையும் அருகருகே வைத்து எங்கள் சமூகத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மத்ஹபுகளைப் பொறுத்தவரை, செயல் பாவம் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. தண்டனையில்தான் வேறுபாடு. எங்கள் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு கடுமையானது. இமாம் அபூஹனீபா அதற்கு ஹத்துத் தண்டனை இல்லை, தஃஸீர்தான் என்றார். ஆனால் என் கூட்டாளி எந்தச் செயலும் செய்திருக்கவில்லை. அவன் செய்தது கடிதம் எழுதியது மட்டுமே. இந்த இடத்தில்தான் எனக்கு பக்தாதின் முஹம்மத் இப்னு தாவூத் நினைவுக்கு வருகிறார்.

ஹிஜ்ரி 297 இல், அதாவது கி.பி. 910 அளவில் காலமானவர். ழாஹிரி மத்ஹபை நிறுவிய இமாம் தாவூதின் மகன். தந்தைக்குப் பின் அவருடைய பாட அவையில் அமர்ந்த சட்ட அறிஞர். 'கிதாபுஸ் ஸஹ்ரா' என்ற காதல் கவிதைத் தொகை நூலைத் தந்தவரும் அவர்தான். தன் நண்பர் ஒருவர் மீது அவர் கொண்டிருந்த காதலை அரபு வரலாற்று நூல்கள் ஒளிக்கவில்லை. மரணப் படுக்கையில் கிடந்தபோது, இலக்கண அறிஞர் நிஃப்தவைஹி அவரைப் பார்க்கப் போகிறார். எப்படி இருக்கிறீர் என்று கேட்கிறார். நீர் அறிந்த ஒருவர் மீதான காதல்தான் என்னை இந்த நிலைக்கு ஆக்கியது என்ற கருத்தில் பதில் வருகிறது. தன்னைக் காத்துக்கொண்டதாகவும் சொல்கிறார். காதலித்து, தூய்மை காத்து, அதை மறைத்து, அதனாலேயே இறப்பவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்ற ஓர் அறிவிப்பையும் எடுத்துச் சொல்கிறார். ஹதீஸ் கலை அறிஞர்கள் இந்த அறிவிப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. இப்னுல் கையிம் வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார். அந்த விவாதம் இருக்கட்டும். என்னை நிறுத்தி வைத்தது நிஃப்தவைஹிதான். அவரும் கேட்டவர். கேட்டதைச் சுமந்துகொண்டுபோய், ஓர் அறிஞனின் கடைசிச் சொல்லாக, அவமானமின்றிக் கைமாற்றினார். அதனால்தான் ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் நாம் அதை அறிகிறோம்.

உணர்வுக்கும் செயலுக்கும் இடையில் இருந்த இந்தக் கோட்டைப் பற்றி காலித் அல்-ருவைஹிப் 2005 இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஒட்டோமன் கால அரபு உலகில் இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பார்க்கும் ஒற்றைக் கருத்தே இருக்கவில்லை என்பது அவருடைய வாதம். கோடு எப்போது அழிந்தது என்பதற்கு ரிபாஅத் தஹ்தாவி ஒரு சாட்சி. 1826 முதல் 1831 வரை பாரிஸில் இருந்த இந்த எகிப்திய ஷெய்கு, பிரெஞ்சுக்காரர்கள் அரபுக் காதல் கவிதைகளைப் பெயர்க்கும்போது 'அவனை' 'அவள்' ஆக்கிவிடுகிறார்கள் என்று தன் பயண நூலில் பதிகிறார். அதைப் பாராட்டியும் எழுதுகிறார். குணங்குடி மஸ்தான் சாகிபின் மனோன்மணியைப் பாடி வளர்ந்த எங்களுக்கு, கவிதையில் காதலிக்கப்படுபவரின் பால் மாறுவது புதிதல்ல. பாட்டில் பொறுத்துக்கொள்வதை ஹொஸ்டலில் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவ்வளவுதான்.

*

ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' 1994 இல் வெளிவந்தது. ஓரிரு ஆண்டுகள் கழித்து கொழும்பில் அதை வாங்கி, கல்முனைக்குப் போகும் இரவு பஸ்ஸில் வாசிக்கத் தொடங்கினேன். விடியும் மட்டும் மூடவில்லை.

செல்வதுரை 1965 இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை தமிழர், தாய் சிங்களவர். 1983 ஜூலைக்குப் பின்னர் குடும்பம் கனடா போயிற்று. ஆறு கதைகளாகப் பின்னப்பட்ட இந்நாவலின் நாயகன் அர்ஜி, கொழும்புத் தமிழ்க் குடும்பத்துப் பையன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டி வீட்டில் பெண்பிள்ளைகளோடு சேர்ந்து கல்யாண விளையாட்டு விளையாடுவான். மணப்பெண் அவன்தான். சேலையோடு அகப்பட்டு, பெரியவர்கள் இருக்கும் மண்டபத்துக்கு இழுத்துவரப்படுகிற அந்த இடத்தில் குழந்தைக்கு ஒன்றும் விளங்குவதில்லை. வீட்டாரின் முகத்தில் வெட்கத்தைப் பார்த்துத்தான் தன்னிடம் ஏதோ இருக்கிறது என்று அறிகிறான்.

ஐந்தாவது கதையில் அவன் வளர்ந்துவிடுகிறான். 'ஆம்பிளை ஆக்குவதற்காக' தந்தை அவனை விக்டோரியா அகடமி என்ற ஆண்கள் பாடசாலையில் சேர்க்கிறார். அங்கேதான் ஷெஹான் சொய்சாவைச் சந்திக்கிறான். ஷெஹான் சிங்களப் பையன். முதல் காதல். 'பிளக் டை' என்று மாணவர் அழைக்கும் அதிபர் ஷெஹானின் நீண்ட தலைமயிரை வெட்டி அவமானப்படுத்துகிறார், மீண்டும் மீண்டும் தண்டிக்கிறார். அதே அதிபர் பரிசளிப்பு விழாவில் ஹென்றி நியூபோல்ட்டின் இரண்டு கவிதைகளை ஒப்புவிக்கும்படி அர்ஜியைத் தெரிவுசெய்கிறார். ஆங்கிலேயப் பாடசாலை வாழ்வின் பெருமையைப் பாடும் கவிதைகள். எங்கள் பழைய பாடசாலையின் மண்டபத்தை நான் அந்தப் பக்கங்களில் கண்டேன். பிரம்பு, பிரிஃபெக்ட், கெடெட், கீதம் எல்லாம் அதே. 365 ஐக் கொண்டுவந்த கப்பலில்தான் நியூபோல்ட்டும் வந்திறங்கியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

நாவல் ஆழப்படுவது இதற்குப் பிறகுதான். பிளக் டைக்கு எதிராக உப அதிபர் லொக்குபண்டார இருக்கிறார். அவர் பாடசாலையைச் சிங்கள பௌத்தப் பாடசாலையாக்க நினைப்பவர். பிளக் டை விழுந்தால் தமிழ்ப் பிள்ளைகளின் கதி என்ன? சுந்தரலிங்கம் என்ற தமிழாசிரியர் இதை அர்ஜியிடம் பொறுமையாக எடுத்துச் சொல்கிறார். அவர் கெட்டவர் அல்லர். அவர் சொல்வது நியாயமும்கூட. சமூகத்தின் நலனா, ஷெஹானா?

இந்தக் கேள்வி எங்களுக்கு அந்நியமானதல்ல. 1985 ஏப்ரலில் கிழக்கில் தமிழ் முஸ்லிம் கலவரம். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றம். ஒவ்வொரு தடவையும் தனியொருவனின் துயரத்தைப் பேச வாயெடுத்தால், 'இப்ப இதுவா முக்கியம்?' என்ற பதில்தான். பெண்கள் பேசியபோதும் இதே பதிலைத்தான் சொன்னோம். முக்கியமான காலம் எங்களுக்கு ஒருபோதும் முடிவடையவில்லை.

அர்ஜி ஷெஹானைத் தெரிவுசெய்கிறான். மேடையேறி, கவிதைகளை வேண்டுமென்றே உளறிக் கொட்டுகிறான். அவற்றை நம்பி எழுதப்பட்ட அதிபரின் உரை சபையில் அர்த்தமிழந்து போகிறது. அடுத்த கதை கலவர நாட்குறிப்பு. வீடு எரிகிறது, குடும்பம் கனடாவுக்குப் புறப்படுகிறது, ஷெஹான் இங்கேயே இருந்துவிடுகிறான்.

ஆங்கிலத் திறனாய்வாளர்கள் இதை 'வெளியே வரும்' கதை என்கிறார்கள். நான் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். அர்ஜி தன் தாயிடமோ தந்தையிடமோ வாய்திறந்து எதையும் சொல்வதில்லை. அண்ணன் டிகி சந்தேகிக்கிறான், எச்சரிக்கிறான், அவ்வளவே. அர்ஜியின் வாக்குமூலம் அந்த உளறல்தான். அதைச் சரியாக விளங்கிக்கொண்ட ஒரே ஆள் ஷெஹான். ஒருவன் வாயைத் திறப்பது மட்டும் வெளியே வருதல் ஆகாது என்பதை எனக்குக் கற்பித்தது இந்த நாவல். கேட்பவன் ஒருவன் வேண்டும். எனது கூட்டாளியும் தண்ணீர்த் தாங்கியின் கீழே வெளியே வந்தவன்தான். அவனுக்கு வாய்த்த கேட்பவன் நான்.

செல்வதுரை 2005 இல் 'மழைக்காலக் கடலில் நீந்துதல்' என்று பொருள்படும் தலைப்பில் இளையோருக்கான நாவல் ஒன்றையும் எழுதினார். 1980 இன் கொழும்பு. பதினான்கு வயது அம்ரித், கனடாவிலிருந்து வந்த மைத்துனன் மீது மனம் போக, பாடசாலையில் 'ஒதெல்லோ' நாடக ஒத்திகை நடக்கிறது. அது மென்மையான கதை. எனக்கு முதல் நாவல்தான்.

தமிழில் இவற்றுக்கு இணையாக நாங்கள் என்ன எழுதினோம் என்று தேடினால் நான் வாசித்தவற்றுள் கிடைப்பது சொற்பம். சொல்லே தகராறு. 'தன்னினச்சேர்க்கை' என்று நெடுங்காலம் எழுதினோம். சேர்க்கை என்றவுடன் விஷயம் படுக்கைக்குப் போய்விடுகிறது. அந்தக் கொப்பிக்கு அந்தச் சொல் பொருந்தாது. 'தன்பாலீர்ப்பு' பின்னர் வந்தது.

*

நாவல் வெளியான மறு ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம், 365அ பிரிவில் 'ஆண்' என்றிருந்த சொல்லை 'ஆள்' என்று மாற்றியது. பால்சமத்துவம் வந்தது. ஆனால், இதுவரை தப்பியிருந்த பெண்களும் குற்றவாளிகளாகக்கூடிய வகையில்! அதே ஆண்டு 'கம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி' என்ற அமைப்பு கொழும்பில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தும் வேல்ஸும் இந்தச் சட்டத்தை 1967 இலேயே தளர்த்தியிருந்தன. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பரில் 377 இன் பல்லைப் பிடுங்கியது. சிங்கப்பூர் 2022 இல் தனதை நீக்கியது. இங்கே பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட, சட்டமூலமும் அதோடு போயிற்று.

இவையெல்லாம் வயது வந்தோரைப் பற்றிய விவகாரங்கள். பதினாறு வயதுப் பையன் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. அவன் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவனிடம்தான் வருவான்.

நீதிமன்றத் தீர்மானம் வந்த அதே ஆண்டின் கடைசியில், ஒரு ஜனாஸா வீட்டில் அவனைக் கண்டேன். முப்பத்தெட்டு ஆண்டுகள். தாடி நரைத்திருந்தது. கையைப் பிடித்து ஸலாம் சொன்னான். நான் எத்தனையோ தடவை மனதுக்குள் எழுதி வைத்திருந்த மன்னிப்பைச் சொல்லத் தொடங்கினேன். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தக் கொப்பிய என்ன மச்சான் செஞ்சாங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.